ஒருமைப்பாட்டுக் கேடயம் எங்கள் பள்ளிக்கு வந்த வரலாறு

பாரத தேசம் சிதறாமல் இருப்பதற்குச் சிலர் இமயமலையைக் காரணம் சொல்கிறார்கள். சிலர் ரயில்வேயைச் சொல்கிறார்கள். இரு சாராருமே பேரிகை ரோட்டில் உள்ள எங்கள் உயர்நிலைப் பள்ளியை வந்து பார்க்காதவர்கள். பார்த்திருந்தால், தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பித்தளைக் கேடயத்தைக் கும்பிட்டு, கருத்தைத் திருத்திக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஓசூர் திரும்பியிருப்பார்கள். தேசிய ஒருமைப்பாட்டில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற பள்ளி எங்களுடையது. அதைப் பெற்றுத்தந்த மகத்தான விழாக் குழுவின் செயலாளர் அடியேன்தான். பெயர் வெங்கடப்பன். சமூக அறிவியல் ஆசிரியன்.

அதற்கு முன், அதாவது எண்பத்தாறாம் வருஷம் வரை, எங்கள் பள்ளி இருந்த நிலை பரிதாபமானது. கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். ஆந்திர எல்லை இன்னும் இரண்டு கூப்பிடு. தொழிற்பேட்டை வந்த பிறகு வெளி மாவட்டத்து ஜனங்கள் வேறு. பிள்ளைகள் தமிழில் கேள்வி கேட்டு, தெலுங்கில் பதில் வாங்கி, கன்னடத்தில் கோபித்துக்கொண்டு, மறுபடி தமிழில் சமாதானம் ஆவார்கள். யார் எந்த மொழிக்காரர் என்பது அவர்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் கிடையாது. தாங்கள் வேறு வேறு என்பதையே அறியாதவர்கள் எப்படி ஐயா ஒன்றுபட முடியும்?

இந்த அறியாமை முற்றிப்போயிருந்த இடம் பெண்கள் கோ-கோ அணி. அதன் தலைவி தாஹிரா, எட்டாம் வகுப்பு. அப்பா மெஹபூப் பாஷாவுக்கு ஓசூர் மார்க்கெட்டில் தக்காளி மண்டி. அவளுக்கு வலது கை மங்கம்மா, நாராயணப்பன் என்ற விவசாயியின் மகள். இருவருக்கும் ஒரே பெஞ்சு. மத்தியானம் மங்கம்மா தூக்குப்போசியைத் திறந்தால் உள்ளே ஒரு கேழ்வரகு உருண்டை இருக்கும். அதைக் களி என்பார்கள், முத்தே என்பார்கள், சங்கடி என்பார்கள். என்ன பெயர் சொன்னாலும் பாதி தாஹிராவுக்குப் போய்விடும். ஆட்டத்திலும் இதே கதைதான். தாஹிரா பின்னால் ஓடிவரும்போதே உட்கார்ந்திருக்கும் மங்கம்மாவின் முதுகு நிமிர்ந்துவிடும். "கோ" என்ற சத்தம் அப்புறம்தான் வரும். வட்டாரப் போட்டியில் வந்த பள்ளிகளையெல்லாம் தோற்கடித்து, கிருஷ்ணகிரியில் நடக்க இருந்த இறுதிப் போட்டிக்கு இந்த அணி தயாராகிக்கொண்டிருந்தது. ஒருமைப்பாடு பற்றிய எந்தப் பயிற்சியும் இல்லாமலே!

அப்போதுதான் கல்வித் துறையின் சுற்றறிக்கை வந்தது. நவம்பர் மாதம் ஒருமைப்பாட்டு வாரம். சிறப்பாகக் கொண்டாடும் பள்ளிக்குக் கேடயம். தலைமையாசிரியர் சௌந்தரராஜன் உடனே ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார். அவர் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து பதவி உயர்வில் வந்தவர். பள்ளி வளாகத்தில் ஒரே ஒரு தாய்மொழி மட்டும் உள்ள அபூர்வ மனிதர்.

"நம்முடைய மாணவர்களை ஒன்றுபடுத்தியாக வேண்டும்" என்றார்.

உடற்பயிற்சி ஆசிரியர் சென்னப்பன் எழுந்தார். உள்ளூர்க்காரர். நாகரிகம் போதாது. "ஒண்ணாத்தானே சார் இக்கிறாங்க?"

"அது அறியாமையால் வந்த ஒற்றுமை, சென்னப்பன். நமக்கு வேண்டியது விழிப்புணர்ச்சியால் வரும் ஒற்றுமை. அதற்கு முதலில் பிரிக்கணும்."

"பிரிச்சு?"

"சேர்க்கணும்."

"சேந்து இக்கிறதப் பிரிச்சு மறுக்காச் சேக்கறதுக்கு, அப்பிடியே உட்டுடலாமே சார்?"

"அப்படியே விட்டால் கேடயம் யார் தருவா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சென்னப்பனின் மனம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மறுநாள் காலை வழிபாடு முடிந்ததும் மைதானத்தில் சுண்ணாம்பால் நான்கு கோடு போட்டோம். தமிழ் அணி, தெலுங்கு அணி, கன்னட அணி, உருது அணி. பிள்ளைகளை வரிசையாக அழைத்து, தாய்மொழி கேட்டு, கோட்டில் நிறுத்தும் பொறுப்பு எனக்கு. இது சாதாரண வேலை அல்ல. மங்கம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

"உன் தாய்மொழி என்னம்மா?"

"அப்பிடின்னா சார்?"

"வீட்டில் என்ன பேசுவீர்கள்?"

"அம்மா திட்டறது தெலுங்குல சார். அப்பா திட்டறது கன்னடத்துல."

"நீ?"

"நான் அழுவறது தமிழ்ல சார்."

தாய்மொழி என்றால் தாயின் மொழி என்று அகராதியைக் காட்டித் தீர்ப்பளித்து, தெலுங்குக் கோட்டுக்கு அனுப்பினேன். அடுத்து தாஹிரா. அவளும் சும்மா இல்லாமல் மங்கம்மாவின் பின்னாலேயே போய்த் தெலுங்குக் கோட்டில் நின்றுகொண்டாள். கையைப் பிடித்து உருதுக் கோட்டில் நிறுத்த வேண்டியதாயிற்று.

"எனக்கு உருது தெரியாது சார். எங்க வூட்ல தமிழுதான்."

"அது உன் தவறு, குழுவின் தவறு இல்லை. அங்கே நில்."

மாலையில் மெஹபூப் பாஷாவே மண்டியிலிருந்து நேராக வந்துவிட்டார். சட்டையில் தக்காளிக் கறை. "சார், எங்க அப்பன் காலத்துலேர்ந்து தமிழ்தான் பேசறோம். எங்க புள்ளையத் தமிழ்லயே போட்டுடுங்க சார்" என்றார். தலைமையாசிரியர் அவரை உட்காரவைத்து, டீ வரவழைத்து, பொறுமையாக விளக்கினார்: "பாய், உருது அணியில் ஆள் குறைவாக இருக்கு. நீங்களே ஒத்துழைக்கலைன்னா நாங்கள் யாரோடு ஒற்றுமையாக இருக்கிறது?" பாஷா டீயைக் குடித்துவிட்டுப் போனார். மறுக்க முடியாத தர்க்கம்.

அடுத்து நாடகம். தலைமையாசிரியரே எழுதினார். முதல் காட்சியில் நான்கு அணிகளும் நான்கு மூலைகளிலிருந்து வந்து சண்டை போடும். இரண்டாம் காட்சியில் கட்டித் தழுவிக்கொள்ளும். ஒத்திகை தொடங்கியதும் ஒரு சிக்கல். "அற்பர்காள்! எம் மொழியின் ஏற்றம் அறியீரோ!" என்று மங்கம்மா சொல்ல, தாஹிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து மங்கம்மாவும் சிரித்தாள். இரண்டு அணிகள் விழுந்து விழுந்து சிரித்தன. முதல் காட்சியே பாழ்.

"இப்பிடி யாரும் சண்டை போடமாட்டாங்க சார்" என்றாள் தாஹிரா.

தலைமையாசிரியர் திறந்த மனம் கொண்டவர். நியாயமான விமர்சனத்தை ஏற்றார். "சரி, யதார்த்தமாகவே இருக்கட்டும். எல்லாரும் வீட்டுக்குப் போய், மற்றவாளை எப்படித் திட்டுவார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இதுதான் நாளைய வீட்டுப்பாடம்."

இந்தியக் கல்வி வரலாற்றில் எந்த வீட்டுப்பாடமும் இத்தனை ஈடுபாட்டுடன் செய்யப்பட்டதில்லை. முதல் நாள் பலர் வெறுங்கையோடுதான் வந்தார்கள். "எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் தெரியல சார்" என்று மங்கம்மாவும் கையை விரித்தாள். முயற்சி செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். பெரியவர்கள் யோசித்தார்கள். தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கேட்டார்கள். வெளியூர் உறவினர்கள் கைகொடுத்தார்கள். ஒரு வாரத்தில் சரக்கு குவிந்துவிட்டது. மேடையில் சொல்லத் தகுந்ததை மட்டும் நான் பொறுக்கி எடுத்தேன். மிச்சத்தைப் பிள்ளைகள் வீணாக்கவில்லை, மைதானத்தில் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மங்கம்மாவுக்கு அவள் மாமா ஒருவர் சொல்லிக்கொடுத்த வசனம் இது: "நீங்க எங்கியோ இருந்து வந்தவங்க. இது எங்க ஊரு. வந்த வழியே போங்க!" முதல் தடவை அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உணர்ச்சி போதாது" என்றார் தலைமையாசிரியர். இரண்டாம் தடவை தாஹிராவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "விரலை நீட்டிச் சொல்லு." மூன்றாம் தடவை விரல் நீண்டது, குரல் உயர்ந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினோம். தாஹிரா மட்டும் தன் பதில் வசனத்தை விட்டுவிட்டுத் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள்.

"சார், எங்க போறது?"

"என்னது?"

"போங்கன்றாளே சார். எங்க வூடு தபாலாபீசுக்குப் பின்னாடிதானே இக்குது. எங்க போவணும்?"

"மேடைக்கு இடது பக்கம் போகணும்" என்றார் தலைமையாசிரியர்.

போனாள். மறுநாள் மத்தியானம் தூக்குப்போசி திறந்தது. மங்கம்மா வழக்கம்போல உருண்டையைப் பிட்டு நீட்டினாள். "நீயே தின்னு. அது உங்க குரூப்புச் சோறு" என்றாள் தாஹிரா. மங்கம்மா நீட்டிய கையைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மூடியைப் போட்டு மூடினாள். அன்று இருவருமே சாப்பிடவில்லை. ஒத்திகை வசதிக்காக வகுப்பிலும் அணிவாரியாக உட்காரலாம் என்று நான் உத்தரவிட்டபோது, பெஞ்சு மாறத் தாஹிராவிடம் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டுப்பாடு எவ்வளவு வளர்ந்திருந்தது பாருங்கள்! அடுத்த வாரமே ஒவ்வொரு அணியும் தனித் தண்ணீர்ப் பானை கேட்டது. வாங்கிக் கொடுத்தோம்.

விழா நாளன்று மாவட்டக் கல்வி அதிகாரி ஜீப்பில் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். முதல் காட்சி தொடங்கியது. ஒத்திகை நாட்கள் முழுவதும் இந்தக் காட்சிக்கே போயிருந்ததால் பிரமாதமாக வந்தது. கன்னட அணித் தலைவன் தமிழ் அணியின் பதாகையைப் பிடுங்கி முறித்தான். அது நாடகத்தில் இல்லாதது. தமிழ் அணி முறிந்த கழியைக் கையில் எடுத்துக்கொண்டது. அதுவும் நாடகத்தில் இல்லை. மேடைக்குக் கீழே பெற்றோர்களும் அணிவாரியாகப் பிரிந்து ஊக்கம் கொடுத்தார்கள். ஒரு பையனுக்கு நெற்றியில் நிஜமாகவே ரத்தம் வந்தது. சென்னப்பன் மேடையில் ஏறி நான்கு பேரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"தத்ரூபம்!" என்றார் அதிகாரி. "அந்த விசில் மாட்டிய மனிதர் யார்? சமாதானத் தூதுவரா?"

"ஆமாம் சார்" என்றேன்.

"நன்றாக நடிக்கிறார்."

அடுத்து இரண்டாம் காட்சி, கட்டித் தழுவல். அதற்குள் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதியச் சாப்பாடு சூளகிரியில் ஏற்பாடாகியிருந்தது. "முடிவு என்ன என்பதுதான் எனக்கே தெரியுமே. ஒற்றுமைதானே?" என்று பாராட்டிவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகு தழுவிக்கொள்ள யாரும் முன்வரவில்லை. தலைமையாசிரியர் தேசிய கீதத்தைப் பாடச் சொல்லி விழாவை நிறைவு செய்தார். அதை மட்டும் எல்லா அணிகளும் ஒன்றாகப் பாடின, வேறு வேறு இடத்தில் ஆரம்பித்து.

அடுத்த மாதம் கிருஷ்ணகிரியில் கோ-கோ இறுதிப் போட்டி. பள்ளியின் சார்பில் நானும் போயிருந்தேன். கடைசி நிமிஷம். இரண்டு பக்கமும் சமம். எதிரணியில் மிச்சமிருந்த ஒருத்தியைத் தாஹிரா விரட்டிக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் சட்டென்று வளைந்து, விரட்டுகிறவள் தாண்டக்கூடாத நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் குதித்தாள். குதித்த இடம் மங்கம்மாவின் முகத்துக்கு நேரே. எழுந்து கை நீட்டினால் போதும். மங்கம்மாவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. தாஹிராவும் பக்கத்தில் வந்துவிட்டாள்.

சத்தம் வரவில்லை. தாஹிரா மங்கம்மாவைத் தாண்டி ஓடி, கடைசியில் உட்கார்ந்திருந்த தில்ஷாத்தின் முதுகில் தட்டி "கோ" என்றாள். தில்ஷாத் உருது அணி. அவள் எழுந்து திரும்புவதற்குள் அந்தப் பெண் எங்கோ போய்விட்டாள். விசில் ஊதிவிட்டது.

சென்னப்பன் திட்டவில்லை. தாஹிராவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "ஏம்மே, அவ பக்கத்துலயே இருந்தாளே. ஏம்மே குடுக்கல?"

"குடுக்கலாம்னுதான் சார் வந்தேன்" என்றாள் தாஹிரா. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "கை போவல சார்."

மங்கம்மா எழுந்திருக்கவே இல்லை. ஆட்டம் முடிந்து, கோட்டுக் கயிற்றைச் சுருட்ட ஆள் வந்த பிறகும் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்பது தெரிந்தது. எந்த மொழியில் என்பதை நான் குறித்துக்கொள்ளவில்லை. ஓசூர் திரும்பும் பஸ்ஸில் ஒருத்தி டிரைவர் பக்கத்து ஜன்னலிலும் ஒருத்தி பின்படிக்கட்டு ஜன்னலிலும் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸில் ஒரு சத்தம் கிடையாது. அப்படி ஒழுங்கான பெண்கள் அணியை நான் பார்த்ததே இல்லை.

விளையாட்டில் தோற்றால் என்ன? குடியரசு தினத்தன்று தர்மபுரியில் எங்களுக்குக் கேடயம் கிடைத்தது. "மாணவர்களின் உள்ளத்தில் ஆழமாக வேரூன்றிய நிகழ்ச்சி" என்று அதிகாரி பேசினார். அதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. சென்னப்பன் மட்டும் விழாவுக்கு வரவில்லை. மாறுதல் கேட்டு விண்ணப்பித்திருந்தார். காரணம் என்ற இடத்தில் "சேர்த்துவைக்கத் தெரியவில்லை" என்று எழுதியிருந்ததாகத் தலைமையாசிரியர் சொல்லிச் சிரித்தார். மாறுதல் உடனே கிடைத்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஊத்தங்கரையிலிருந்து செல்லி என்ற பெண் ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தாள். அவள் அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருந்தது. நானே வகுப்புக்கு அழைத்துப் போனேன். அவள் பெயரைக்கூட நான் இன்னும் சொல்லவில்லை. ஜன்னல் ஓரத்திலிருந்து தாஹிராவும், சுவர் ஓரத்திலிருந்து மங்கம்மாவும், நடுவில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்:

"சார், இவ எந்தக் குரூப்பு?"

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நான்கு அணிகளும் ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டது அதுதான் முதல் தடவை. எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சுற்றறிக்கையும் வரவில்லை.

அந்தப் பெண் மட்டும் ஒன்றும் புரியாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "குரூப்புன்னா என்னா சார்?"

பாவம், ஊத்தங்கரைப் பக்கம் தேசிய ஒருமைப்பாடு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. ஆனால் கெட்டிக்காரப் பெண். காலாண்டுப் பரீட்சை வரை காத்திருக்கவில்லை. அந்த வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டாள்.