காலடி மண்ணும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

படித்ததை வாய்க்குள் அடக்கத் தெரியாதவன் பெண் பார்க்கப் போகக்கூடாது. நான் போனேன். ஐம்பதுகளில், செங்கல்பட்டில் ஆங்கில வாத்தியாராகச் சேர்ந்திருந்த புதிது. சொற்களின் பூர்வீகம் சொல்லும் தடித்த அகராதி ஒன்றை வாங்கி, அகப்பட்டவர்களையெல்லாம் வதைத்துக்கொண்டிருந்தேன். (சக வாத்தியார்கள் என்னைக் கண்டால் வேறு வராந்தாவில் போவார்கள்.)

பெண் வீடு மகாபலிபுரத்தில். கமலா வந்து காபி கொடுத்ததுமே, கட்டினால் இவளைத்தான் என்று எனக்கு ஆகிவிட்டது.

"பொண்ணு எப்டி கீது தம்பி?" என்றார் அவள் அப்பா.

"ஃபாஸினேட்டிங்!"

"அப்டின்னா இன்னா?"

'பிடிச்சிருக்கு' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கண்ணை எடுக்க முடியாதபடி கவர்றதுங்க. ஆனா பூர்வீகம் லத்தீன். சூனியம் வைக்கிறது, கண்ணு வைக்கிறதுன்னுதான் முதல்ல அர்த்தம். ரோமாபுரியில இதுக்குப் பயந்து குழந்தைங்களுக்குத் தாயத்தே கட்டினாங்க..."

காலி டம்ளர்களோடு உள்ளே போன கமலா, அந்த நேரம் பார்த்து நிலைப்படியில் தடுக்கி விழுந்தாள். கட்டைவிரலில் ரத்தம்.

"கண்ணு வெக்கிறேன்னு சொல்லிகினே வெச்சிட்டாரே!" என்று அலறினாள் அவள் அத்தை. "அவரு காலடி மண்ணை எடுங்க!"

சிமெண்ட் தரையில் மண் ஏது? என்னை வாசல் மணலுக்கு இழுத்துப்போய், "அழுத்தி மிதிங்க" என்றார்கள். தெருவே பார்க்க மிதித்தேன். அந்த மண்ணோடு உப்பையும் மிளகாயையும் சேர்த்து, கமலாவுக்குச் சுற்றி, அவளை உள்ளே அனுப்பிவிட்டு, முற்றத்து அடுப்பில் போட்டாள் அத்தை. நெடியேறி எல்லாரும் இருமினால் திருஷ்டி இல்லை. கமறாவிட்டால் என் கண்தான் பட்டது என்று அர்த்தம்.

"கமறலைன்னா இந்தச் சம்பந்தமே வாணாம்!" என்று அறிவித்தாள் அத்தை.

கடற்காற்று புகையை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. ஒருவரும் இருமவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் நானே இருமினேன், காசநோயோ என்று பெண் வீட்டார் சந்தேகப்படும் அளவுக்கு.

"அவரே இருமிகினா செல்லாது" என்றாள் அத்தை. (அந்தச் சட்டத்தை அப்போதுதான் போட்டாள்.)

கதவுக்குப் பின்னாலிருந்து "லொக்" என்று ஒரு சத்தம். கமலா! கண்ணில் நீர் முட்ட, விடாமல் இருமினாள். அத்தை தலையாட்டினாள். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

இன்றும் வீட்டில், "இந்தச் சொல்லோட பூர்வீகம் என்னன்னா..." என்று நான் வாயெடுத்தால் பேரன் பேத்திகள் வரை எல்லாரும் இருமுகிறார்கள். முதல் "லொக்" எப்போதும் கமலாவுடையதுதான்.