விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்

'ஆள் கிடைக்கவில்லையே' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. ராஜபாளையம் பக்கம் வந்தால் நீங்கள் அவரைத் தேடிப் போக வேண்டாம். அவரே உங்களைத் தேடி வருவார். டீக்கடை பெஞ்சில் இருப்பார், பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கல்யாணப் பந்தியில் பக்கத்து நாற்காலியில் இருப்பார், சாவு வீட்டில்கூட ஒரு மூலையில் இரண்டு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு, "மவுத்தானவிய தங்கமான மனுசன்... அது கெடக்கட்டும், உங்க பக்கம் பாக்கெட் போட ஆள் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஹுமாயூன் பாய் இந்த இனத்தில் முதல் தரம். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணியை வெட்டி, மடித்து, பாக்கெட் போடுகிற சின்னக் கம்பெனி அவருடையது. மற்றவர்கள் 'ஆட்கள் தேவை' என்று கேட்டில் அட்டை தொங்கவிடுவார்கள், ஆள் வந்ததும் கழற்றிவிடுவார்கள். பாய் அதைச் சுவரில் பெயின்டால் எழுதிவிட்டார், கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில். கூரியர்காரர் ஒருவர் கம்பெனியின் பெயரே அதுதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் ஆட்கள் வருவதில்லையா? ஏன் வராமல்! வேலை கிடைக்காமல் மில் மில்லாக ஏறி இறங்குகிறவர்கள் ஊரில் குறைவா? வருவார்கள். வந்து நிற்பார்கள். பாய் கேள்வியை ஆரம்பிப்பார். வீடு பக்கத்துத் தெருவில் என்றால் நினைத்தபோதெல்லாம் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள், தூரத்து வ. புதுப்பட்டி என்றால் பஸ் வராத அன்று ஆளும் வராது, கல்யாணம் ஆகவில்லை என்றால் ஆனதும் போய்விடுவாள், ஆகிவிட்டதென்றால் மாமியாருக்குக் காய்ச்சல், கொழுந்தனுக்குக் காதுகுத்து, ஒரே கம்பெனியில் பத்து வருஷம் இருந்தவர் என்றால் அங்கே என்ன தப்பு செய்து வெளியே வந்தாரோ, அடிக்கடி மாறியவர் என்றால் இங்கே மட்டும் தங்கவா போகிறார்? கடைசியில், "விசாரிச்சிட்டுச் சொல்லுதேன்." அவ்வளவுதான். வந்தவர் போய்விடுவார். பாய் டீக்கடைக்குப் போவார்.

சனிக்கிழமை ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியை விடுவார். மடவார் வளாகத்தில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி அவருக்கு ஏற்ற ஜோடி. இரண்டு பேரும் உட்கார்ந்து, காலம் கெட்டுவிட்டதையும் ஒருத்தரும் உடம்பு வளைந்து வேலை செய்ய வராததையும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை வாசலில் இரண்டு பேர் வேலை கேட்டு வந்து நின்றார்கள். அண்ணாச்சி கையை உயர்த்தி, "செத்த நேரம் நில்லுங்கப்பா, முக்கியமான விசயம் பேசிக்கிட்டு இருக்கோம்லா" என்றார். நின்று பார்த்துவிட்டு அவர்கள் போனார்கள். "பாத்தீங்களா பாய், பொறுமையே கெடையாது" என்றார் அண்ணாச்சி.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் அவரிடம் சரக்கு வாங்கும் கொச்சி வியாபாரி பொறுமை இழந்தார். ஏற்கனவே இரண்டு முறை சரக்கு தாமதம். "வெள்ளிக்கிழமை லாரியில லோடு ஏறலேன்னா நான் சத்திரப்பட்டியில வாங்கிக்கிடுதேன் பாய்" என்று போனில் சொல்லிவிட்டார். கம்பெனி ஓடுவதே அவர் ஆர்டரால்தான். அது போனால் சுவரில் எழுதியதை அழித்துவிட்டு 'வாடகைக்கு' என்று எழுத வேண்டியதுதான். பாய்க்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அவர் மனைவி நூர்னிசாவுக்கும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பாண்டிசெல்வி வந்தாள். ஊரில் இன்னொரு பேண்டேஜ் கம்பெனி நடத்தும் காளிராஜிடம் இதே வேலை பார்த்தவள். துணியைக் கொடுத்து மடிக்கச் சொன்னார். மடித்தாள். வேகமாகவும் மடித்தாள், ஒழுங்காகவும் மடித்தாள். பாய்க்கு மனசு நிறைந்தது. நிறைந்ததும் பயம் வந்தது. இவ்வளவு நல்ல ஆளைக் காளிராஜ் ஏன் விட்டான்? கேட்டேவிட்டார்.

"நைட் ஷிஃப்ட்டுக்கு வரச் சொன்னாரு பாய். கைப்புள்ளைய விட்டுட்டு ராத்திரி எப்படி வர?"

"புருசன் என்ன பண்ணுதாரு? சொந்த ஊரு எது? அம்மா வீடு எங்கன இருக்கு?"

"என்னைப் பொண்ணு பாக்க வந்தவியகூட இம்புட்டுக் கேக்கல பாய். நாலு எடம் ஏறி எறங்கிட்டு வாரேன். சொல்லுங்க, இப்பவே உக்காருதேன்."

பாய்க்கு 'உட்காரும்மா' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் விசாரிக்காமல் ஆள் எடுப்பதா? "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிட்டு, யாருக்குப் போன் போட்டார் என்கிறீர்கள்? காளிராஜுக்கே போட்டார்.

"பாண்டிசெல்வின்னு ஒரு பொண்ணு உங்ககிட்ட இருந்துச்சே, வேலை எப்படி?"

"உங்ககிட்டயா வந்திருக்கா?"

"ஆமா. ஆளு நம்பிக்கைதானா?"

"அதை ஏன் பாய் கேக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அவசர வேலை என்று காளிராஜ் போனை வைத்துவிட்டார்.

அவசர வேலைதான். ஆட்டோ பிடித்து நேரே பாண்டிசெல்வி வீட்டுக்குப் போய், "பகல் ஷிஃப்ட்டே தாரேன், வந்துருமா" என்று கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். காளிராஜும் அதே இனம் அல்லவா, போன ஆளின் அருமை இன்னொருத்தர் விசாரித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை வாசலைப் பார்த்திருந்துவிட்டு, சங்கதி காதுக்கு வந்ததும் பாய் நூர்னிசாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாத்தியா? நாளைக்கு வாரேன்னு தலைய ஆட்டிட்டுப் போனவ வரல. நல்லவேளை சேக்கல."

நூர்னிசாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கம்பெனிக்கு வந்து துணி மடிக்க உட்கார்ந்தாள். பாயும் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து மடித்தார், போன் வந்தது. ஐந்து மடித்தார், டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் விழுகிறதாம் என்று சேதி சொன்னார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம், தலையைக் காட்டாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று வண்டியை எடுத்தார். அவர் மடித்ததை எல்லாம் நூர்னிசா பிரித்துத் திரும்ப மடித்தாள்.

நிச்சயதார்த்த வீட்டில் பிரியாணி சாப்பிட்டு, நான்கு பேரிடம் ஆள் கிடைக்காத துயரத்தைச் சொல்லிவிட்டு அவர் திரும்பி வந்தபோது, உள்ளே கிருபாபாய் என்று ஓர் அம்மாளும் அவள் மகள் ஜாஸ்மினும் மடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் எழுதியதைப் பார்த்து வந்தவர்கள். பாய் வாயைத் திறந்தார். நூர்னிசா ஒரு பார்வை பார்த்தாள். பாய் வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லோடு ஏறியது. கடைசிப் பெட்டி ஏறி லாரி கிளம்பிய பிறகும் பாய்க்கு ஒரு நமைச்சல் மிச்சம் இருந்தது. மெதுவாக மனைவி பக்கம் வந்து நின்றார்.

"வேலை சரிதான். இருந்தாலும் கேக்கேன், எங்கயாச்சும் விசாரிச்சியா?"

"விசாரிச்சது அவியதான்" என்றாள் நூர்னிசா. "உள்ள வந்து உக்காருததுக்கு முன்னாடி, மொதலாளி எப்படி, ஒழுங்கா வேலை தருவாரா, நம்பி இருக்கலாமான்னு கேட்டாவ. நான் கூசாமப் பொய் சொல்லிச் சேத்திருக்கேன். நீங்க வாயத் தொறந்து கெடுத்துராதீங்க."

பாய் டீக்கடைக்குப் போகவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறீர்களே, எத்தனை மாதமாக? நல்ல ஆளே கிடைக்கவில்லை என்று நேற்றுக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரிடம் அலுத்துக்கொண்டீர்கள் அல்லவா? அப்போது அவர் வீட்டிலிருந்து நல்ல குழம்பு வாசனை வந்திருக்குமே! உங்கள் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்துப் போய்ப் படி இறங்கிய அந்த அம்மாள் இப்போது அங்கேதான் சமைக்கிறாள்.