பார்க்காத கண்ணுக்குப் போடாத மருந்து

பாசமுள்ள கிறிகோரி மாமாவுக்கு,

பலெர்மோவிலிருந்து மருமகள் றஜிதா மரியாதையோடு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, என் இடது கண், வலது கண் எல்லோரும் சுகம். லண்டனில் நீங்களும் உங்கள் கண்ணாடிக் கடையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

மாமா, நீங்கள் அம்மாவோடு கோபிக்கக் கூடாது. போன மாதம் சிவந்தது என் கண். இன்றுவரை சிவந்து நிற்பது அம்மாவின் முகம். அன்று காலை என் கண்ணைக் கண்டதும், பள்ளிக்கூடம் வேண்டாமென்று பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்கு இழுத்துப்போனா. கடைக்காரர் குனிந்து பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், சிரித்தார். "சிஞ்ஞோரா, நான் கண்ணை அளக்கிறவன். மருந்து எழுதிறது டாக்டர்" என்றார். "லண்டனிலை என்ரை அண்ணனும் உங்கட வேலைதான். அவர் மருந்தும் குடுக்கிறவர்" என்றா அம்மா. "அப்ப லண்டனிலை வாங்குங்கோ" என்று மனிசன் கதவைத் திறந்துவிட்டார். மருந்துக்கடையில் டாக்டர் எழுதின மருந்துத் துண்டு கேட்டார்கள். டாக்டரிடம் கேட்டால் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதனால்தான் உங்களை வீடியோவில் பிடித்தோம். மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் போனுக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான்.

"ஒரு போத்தல் தபாலிலை போடுங்கோ அண்ணன்."

"எங்களுக்குக் குடுக்க அனுமதி இருக்கிற மருந்தே கொஞ்சம், மலர். அதுவும் கண்ணை நேரிலை பார்த்தால்தான்."

அம்மா என் தலையைப் பிடித்துப் போனோடு அழுத்தினா. "இந்தா, நேரிலை."

"அது நேரிலை இல்லை, வயரிலை. சட்டம் விடாது."

"தங்கச்சியிட்டையும் சட்டமோ? அப்ப சட்டத்தோடையே இருங்கோ. பிள்ளையின்ரை உறுதிபூசுதலுக்கு வரத் தேவையில்லை."

அன்றிலிருந்து உங்கள் பெயரை எடுத்தால் அம்மா கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவுறா. இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. கோயிலில் ஆயர் என் நெற்றியில் தைலம் பூசும்போது ஞானத்தகப்பனாக என் பக்கத்தில் நீங்கள் நிற்காவிட்டால் எனக்கு உறுதியும் வேண்டாம், பூசுதலும் வேண்டாம். விமானச் சீட்டை மட்டும் ரத்துச் செய்யாதீர்கள். அம்மாவை நான் வழிக்குக் கொண்டுவாறன்.

உங்கள் விலாசம் அம்மாவின் கொப்பியில்தான் இருக்கிறது. ஆகவே உறையை ஒட்டி அவவிடமே கொடுக்கப்போகிறேன். ஒட்டின கடிதத்தை அம்மா பிரிக்கமாட்டா. அவவும் ஒரு சட்டக்காரிதான்.

மாமிக்கும் மச்சாள்மாருக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் கண்ணையும் கடையையும் காப்பாராக.

உங்கள் செல்ல மருமகள்,
றஜிதா

பி.கு.: மாமா, சட்டம் சரிதான். கண்ணில் ஒரு வருத்தமும் இல்லை. அன்று வரலாற்று ரீச்சர் என்னைத்தான் எழுப்பிக் கேள்வி கேட்க இருந்தவ. தோடம்பழத் தோலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒரு பிழி பிழிந்தேன், சாறு தெறித்துக் கண் சிவந்தது, அவ்வளவுதான். கண்ணாடிக் கடைக்காரர் மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். நல்ல மனிசன், காட்டிக்கொடுக்கவில்லை. நீங்களும் அம்மாவுக்குச் சொல்லிப்போடாதீர்கள்.

அண்ணன், மலர் எழுதிறன். இவள் உறையை ஒட்ட மறந்துபோனாள். நீங்கள் சொன்னது சரி, நான்தான் கத்திப்போட்டன். உறுதிபூசுதலுக்குக் கட்டாயம் வாங்கோ. மருந்தும் கொண்டு வாங்கோ. நீங்கள் நேரிலை பார்க்கேக்கை இவளின்ரை கண் உண்மையாவே சிவந்திருக்கும்.