கப்யார் வறீதும் பொத்தான் இல்லாத கேமராவும்

"பொத்தானே இல்லைடா சாக்கோ," என்றார் வறீது, ஏணியின் உச்சிக்கு ஒரு படி கீழே நின்றபடி.

"நல்லாத் தடவிப் பாரு. ஆண்டவன் படைச்ச எதுலயும் ஒரு வழி வச்சிருப்பான்," என்றார் கீழே ஏணியைப் பிடித்திருந்த சாக்கோ.

"இது ஆண்டவன் படைச்சதில்லை. இட்டூப்பு சேட்டன் வாங்கினது."

வறீது மாதா கோயிலின் கப்யார். மணியடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பங்குச் சாமியாரான அச்சனுக்கு அங்கி எடுத்துக் கொடுப்பது, எது தொலைந்தாலும் திட்டு வாங்குவது எல்லாம் அவர் வேலை. இப்போது தொலைந்தது பூசை வைன். ஒரு மாதமாகப் புட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. அலமாரிச் சாவி வறீதின் பொறுப்பு. மணியடிக்கப் போகும்போது மட்டும் ஆணியில் தொங்கும். சாவி வைத்திருக்கிறவன்தான் திருடன் என்று, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் கைக்காரர் இட்டூப்பு தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் யோசித்தால் அவருக்குத் தலை வலிக்கும்.

"வெள்ளிக்கிழமை திருநாள் கொடி ஏறுது. அதுக்குள்ள கேமராவைத் திறந்து நீ குடிக்கலைன்னு காட்டு. இல்லேன்னா சாவியைக் கொடுத்துட்டு, கோயில் வீட்டையும் காலி பண்ணு."

அலமாரிக்கு எதிரே மாட்டியிருந்த கேமரா எல்லாவற்றையும் பார்த்துத் தன் வயிற்றுக்குள் பதிந்து வைத்திருந்தது. ஆனால் காலண்டரில் எழுதியிருந்த பாஸ்வேர்டைப் போட்டால் தப்பு என்றது. யாரோ மாற்றியிருக்கிறார்கள். ரீசெட் செய்தால் பாஸ்வேர்டு மட்டும் போகும், படம் போகாது என்று கம்பெனிக்காரன் போனில் சொன்னான். எதை அமுக்கி ரீசெட் செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை.

நல்ல காலம், சாக்கோ இருந்தார். கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். இருபது வருஷத்தில் ஒரு பெஞ்சைக்கூட நகர்த்தாத மனிதர், இந்த வாரம் யாரும் கூப்பிடாமலே வந்து ஏணி பிடித்தார். கஷ்டத்தில்தான் நண்பனைத் தெரியும் என்று வறீதுக்குக் கண் கலங்கியது.

"இதோ ஒரு ஓட்டை இருக்கு," என்று ஊக்கை விட்டுக் குத்தினார் வறீது. குத்தியது மைக்கின் ஓட்டை. அதோடு கேமராவுக்குக் காது போயிற்று.

அப்போது அச்சன் வந்து அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"ஏதாவது சொல்ல வந்தீங்களா அச்சா?"

"பிரார்த்தனை பண்ணிக்கோ வறீது," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்காரன் வேறு வழி சொன்னான். கேமரா ஒரு கேள்வி கேட்கும், சரியான பதில் போட்டால் திறக்கும். கேள்வி, "உங்களுக்குப் பிடித்த உணவு எது?" அதற்குப் பதிலைப் பதிந்து வைத்தவர் மாற்றலாகிப் போன பழைய அச்சன். அவரோ நாற்பது நாள் மௌன தியானத்தில் இருந்தார்.

சேதி ஊருக்குள் போனதும் வீட்டுக்கு ஒருத்தர் வந்துவிட்டார்கள். "எங்க வீட்டு மீன் கறிதான். அச்சனே வாயால சொன்னாரு." "உங்க மீனைச் சாப்பிட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்துதான் சுக்குத் தண்ணி குடிச்சாரு. வாத்துக் கறி, அதான் நம்ம தாறாவுக் கறின்னு போடு வறீதே." ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் புண்ணியவான் அதையே சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார். ஐந்து பதில் தப்பானதும் கேமரா கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டது. மீன் வீடும் தாறாவு வீடும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா அச்சா?" என்று கேட்டார் வறீது.

அச்சனுக்கு வேர்த்தது. "என்னால வெயில்ல நிக்க முடியாது," என்றார். மழை பெய்துகொண்டிருந்தது.

புதன்கிழமை மூன்றாவது வழி வந்தது. கேமராவிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்து அனுப்பினால், கம்பெனி ஒரு எண் அனுப்பும். அது வரும்வரை கேமராவுக்கு ஒரு நொடிகூட மின்சாரம் போகக் கூடாது. போனால் அந்த எண் ஆறின கஞ்சி.

கோப்பு போவதற்கு முன்பே கரண்டு கம்பி தன் வழக்கத்தைக் காட்டப் பார்த்தது. மழைக் காலத்தில் அங்கே மின்சாரம் விருந்தாளி மாதிரிதான். விளக்கு ஒரு தரம் மினுங்கியதுமே வறீது ஓடிப்போய், இன்வெர்ட்டரிலிருந்து பிரசங்க மைக்கைப் பிடுங்கிவிட்டுக் கேமராவைச் செருகினார். பிறகுதான் கோப்பு போனது. வியாழன் மாலைப் பிரசங்கம் ஒருவர் காதிலும் விழவில்லை. இவ்வளவு நல்ல பிரசங்கம் கேட்டதில்லை என்று இரண்டு பேர் அச்சனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இட்டூப்பு சேட்டனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. இன்வெர்ட்டர் அறைக்குப் போய் எல்லா வயரையும் பிடுங்கி மைக்கைச் செருகினார். கேமரா அணைந்து மறுபடி உயிர் பெற்றது. கால் மணி நேரம் கழித்துக் கம்பெனியின் எண் வந்து சேர்ந்தது.

"நீங்கதானே சேட்டா பிடுங்கினீங்க?"

"நீ ஏன் பிடுங்குற மாதிரி வச்சே?"

வெள்ளிக்கிழமை. வெளியே செண்டை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே பொத்தான் இருந்தாலும் இருக்கும், கழற்றிப் பார்ப்போம் என்று வறீது ஏறினார். சாக்கோ பிடித்தார். மூன்று திருகு கழன்றது. நான்காவது, தானே கழன்றது. கேமரா நேராகக் கீழே போய், தீர்த்தத்துக்கு நிரப்பி வைத்திருந்த அண்டாவில் விழுந்து ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது. இரண்டு குமிழி வந்தது. பிறகு அதுவும் இல்லை.

இட்டூப்பு சேட்டன் கதவருகே நின்றிருந்தார். பின்னால் அச்சன், தலையில் கை வைத்தபடி.

"வேணும்னேதான் போட்டான். பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க அச்சா? குடிச்சவன் இவன்தான். சாவியை எடு."

அச்சன் வாயைத் திறந்தார். மூடினார்.

வறீது ஏணியிலிருந்து இறங்கி இடுப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார். முடிச்சு வரவில்லை. "இருபத்திரண்டு வருஷம் சேட்டா. மணி ஒரு நாள் தப்பினதில்லை. அந்தப் பாஸ்வேர்டு மட்டும் யாருக்காவது தெரிஞ்சிருந்தா..."

சாக்கோ இன்னும் ஏணியை விடவில்லை. அதில் ஆள் இல்லை என்பதையே கவனிக்காதவர் போல, அதைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"சாவி அவன்கிட்டயே இருக்கட்டும் சேட்டா. பாஸ்வேர்டு அச்சனுக்குத் திங்கக்கிழமையே தெரியும். வெளிய சொல்லக் கூடாத பாவமன்னிப்புக் கூண்டுல, வைனைக் குடிச்சதோட சேர்த்து, மாத்தின பாஸ்வேர்டையும் நான்தான் சொன்னேன், 'வறீதுகிட்டப் போய்ச் சொல்ல தைரியம் வர்ற வரைக்கும் அவனுக்கு ஏணி பிடி'ன்னு பரிகாரம் கொடுத்தாரு."