அதிர்வு ஒழிப்பில் ராஜசேகர்

மனித குலத்தைப் பீடித்த தீமைகளுள் தலையாயது அதிர்வு. விழுப்புரத்தில் இதை முதலில் கண்டறிந்த பெருமை ராஜசேகரையே சாரும். ஆசை ஆசையாக வாங்கிய ஸ்பீக்கர் பெட்டிகளைக் கூடத்தில் நிறுத்தியிருந்தார். தரை துளி அதிர்ந்தாலும் பாட்டின் 'தூய்மை' கெட்டுவிடும் என்று இணையத்தில் எந்தப் புண்ணியவானோ எழுதியிருந்தான். போயிற்று, வீட்டார் நிம்மதி.

வீட்டுக்குப் பின்னால் ஓடும் சரக்கு ரயிலைப் பெருந்தன்மையோடு மன்னித்தார். மற்றவர்கள் மீது 'உரிய நடவடிக்கை' பாய்ந்தது. பெட்டிக்கு அடியில் கிரானைட் பலகை, அதற்கு அடியில் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வரவழைத்துச் சலித்த மணல். மிக்ஸி மொட்டைமாடிக்கு நாடுகடத்தப்பட்டது. மனைவி சூர்யகலா குதிகால் படாமல் நடக்கப் பழகினாள்.

மிஞ்சியவை பன்னிரண்டு வயது மகள் அஸ்வினியின் கால்கள். பரதம் கற்கிற பெண்; தட்டடைவு என்றால் தரையைத் தட்டித்தானே ஆகவேண்டும்? அப்பா இரக்கமுள்ளவர். ஆடாதே என்று சொல்லவில்லை, மெத்தைமேல் ஆடச் சொன்னார். பாவம், குழந்தைக்குக் கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம்.

திண்டிவனத்தில் சலங்கை பூஜை வந்தது. முதன்முதலாகக் கட்டும் சலங்கையைப் பெற்றவர் கையால் எடுத்துக் கொடுப்பது வழக்கம். அப்பாதான் கொடுக்கவேண்டும் என்று அஸ்வினி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்து, கிரானைட்டுக்கு அடியில் ரப்பர் பசை தடவியிருந்தார் ராஜசேகர்.

"பசை காயறவரைக்கும் ஊட்ல யாரும் நடக்கக் கூடாது. ஒரு ஆளு காவல் இருக்கணும். நீங்க போய்க்கினு இருங்க, பின்னாலயே வர்றேன்."

"எல்லாரும் கெளம்பிட்டா ஊட்ல யாருங்க நடக்கப் போறாங்க?" என்றாள் சூர்யகலா.

பேச்சும் அதிர்வுதான் என்று அவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். விழாவுக்குப் போகவில்லை. சலங்கையைச் சூர்யகலாவே எடுத்துக் கொடுத்தாள்.

நடன ஆசிரியை மைக் வைத்து எல்லாவற்றையும் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். சாயங்காலம் பசை காய்ந்து, அவர்களும் வீடு திரும்பியதும் ராஜசேகர் அதைப் போட்டார். அடடா, என்ன துல்லியம்! மணி மணியாகச் சலங்கை கேட்டது. அதற்கும் முன்னால், ஆட்டம் தொடங்குமுன், மண்டபத்தில் மற்றவர் காதில் விழாத அஸ்வினியின் முணுமுணுப்பு.

"இன்னும் ரெண்டு நிமிசம் பார்க்கலாம் மிஸ். எங்கப்பா வந்துக்கினு இருப்பாரு."

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். சூர்யகலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அஸ்வினி நுனிக்காலில் நடந்து உள்ளே போய்விட்டாள்.

ராஜசேகர் அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியா? மூக்க உறிஞ்சறதுகூட எவ்ளோ கிளியரா கேக்குது பாரு. நான் மட்டும் அங்க வந்திருந்தா, இது கேட்டிருக்குமா?"