முப்பத்துமூன்று சதவீதப் பட்டதாரி

அறிஞர்களை உருவாக்கிய நாடுகள் உலகில் ஏராளம். ஆனால் அவர்களை ஊரைவிட்டு நகராமல் பிடித்துவைக்கும் வித்தையைக் கண்டுபிடித்த பெருமை, கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலர் துரைராசுவின் தோள்பையில் இருந்த ஒரு படிவத்தையே சாரும்.

அறிவியலும் தொழில்நுட்பமும் படித்தவர்கள் வெளிமாநிலம் போகாமல் இருந்தால், அவர்கள் கட்டும் வருமான வரியை மூன்று வருஷத்துக்கு அரசே திருப்பித் தரும். 'அறிவுக் காப்புத் திட்டம்' என்று பெயர். புதிய படிவம் அச்சாகத் தாமதமானதால், பயிர் நிவாரணப் படிவத்தில் 'பயிர்' என்ற சொல்லை மட்டும் 'பட்டதாரி' என்று திருத்தி அனுப்பியிருந்தார்கள். இருபது வருஷமாக அதே படிவத்தை நிரப்பிய துரைராசுவுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.

அவர் கிராமத்தில் மிச்சமிருந்த ஒரே பட்டதாரி, வீரையன் மகள் செம்மொழி. எம்.எஸ்சி. வேதியியல். மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்கும் தனியார் கூடத்தில் மாதம் பதினாலாயிரம் சம்பளம். பெங்களூரில் எண்பதாயிரத்துக்கு வேலை வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குப் போக மனசே இல்லை. கடல்நீர் ஏறும் வயல்களை ஒவ்வொன்றாக அவள்தான் சோதித்து வந்தாள்.

துரைராசு அவளை வயலில் இறக்கிப் படம் எடுத்தார். வரப்பில் எடுத்தால் பயிர்ச் சேதம் பதியும் கைப்பேசிச் செயலி ஏற்காது.

"இன்னும் உள்ள போம்மா. கால் சேத்துல இருக்கணும்."

"சார், நான் வரியே கட்டலைங்க. எதைத் திருப்பித் தருவாங்க?"

"அதை மேல பாத்துப்பாங்க. பாதிப்பு எத்தனை சதவீதம்?"

"எனக்கா?"

"வேலை நிரந்தரமில்ல, சம்பளமும் கம்மி. முப்பத்தொண்ணு போடலாம். ஆனா பயிருக்கு மாதிரியே முப்பத்துமூணு இருந்தாத்தான் சலுகை. காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது உண்டா?"

வரப்பில் நின்ற அம்மா ராமாயிக்குப் பொறுக்கவில்லை. "புள்ள இங்க இருக்கணும்னா ஒழுங்கான சம்பளத்துல ஒரு வேலை குடுங்கய்யா! அவ போயிட்டா எங்க தண்ணியில உப்பு ஏறிடுச்சான்னு யாரு சொல்லுவா?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா" என்றார் துரைராசு. நிஜமாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக இரண்டு சதவீதம் கூட்டிப் போட்டுக் கையெழுத்திட்டார்.

மனு வியாழக்கிழமையே திரும்பி வந்தது. அரசின் வேகத்தை இனி யாரும் குறை சொல்ல முடியாது. 'வரி கட்டிய சான்று இணைக்கப்படவில்லை. மனுதாரர் வரி கட்டும் அளவுக்கு ஊதியம் பெற்று மீண்டும் விண்ணப்பிக்கவும்.'

செம்மொழி அதை இரண்டு முறை படித்தாள். "சரிங்க சார். மேல சொன்னபடியே செஞ்சிடுறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பஸ் ஏறினாள்.

அடுத்த மாதம் இறுதி ஆய்வு. திரும்பி வந்த மனுவுக்கும் அது உண்டு. துரைராசு அதே வயலில் தனியாக நின்றார். செயலி 'பட்டதாரியின் நிலை' கேட்டது. இருந்தவற்றில் பொருத்தமாகத் தெரிந்த 'அறுவடை முடிந்தது' என்பதை அழுத்தினார். ராமாயி பம்புசெட்டுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

ஒரு வாய் குடித்தார். கரித்தது. பாதிப்பு நூறு சதவீதம் என்று போட்டார். கடைசியாகச் செயலி காரணம் கேட்டது: வெள்ளம், வறட்சி, பூச்சி. மூன்றுதான் இருந்தன. படிவம் தயாரித்தவர்கள் அடக்கமானவர்கள். அந்தப் பட்டியலில் தங்கள் பெயரைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள்.