தொடாதீங்க அக்காவும் தலைச்சோலைக் கல்வட்டமும்

இந்த நாட்டில் ஓர் அரசாங்கப் பலகையை முழுதாகப் படித்து, அதை அப்படியே நம்பிய ஒரே பிரஜை தொடாதீங்க அக்காதான்.

தலைச்சோலைப் பாதையோரத்தில் ஒரு கல்வட்டம் உண்டு. எந்தக் காலத்து மக்களோ இறந்தவர்களைப் புதைத்து, சுற்றிலும் பெரிய பாறைகளை நட்டுவைத்த இடம். 'பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை' என்றது பலகை. பலகையை நட்டவர்கள் அதோடு சரி. எதிரே தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போட்ட அக்கா காவலை ஏற்றுக்கொண்டார்; 'தொடாதீங்க!' என்று போட்ட அதட்டலே அவர் பெயராகிவிட்டது. நான் அப்போது ஏற்காட்டில் லாட்ஜ் மேனேஜர். என் விருந்தினர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித் திரும்பினார்கள்.

பாறைமேல் ஏறி போட்டோவுக்கு நின்ற புதுமாப்பிள்ளைக்கு விழுந்த அதட்டல் கொட்டச்சேடு கிராமம் வரை கேட்டிருக்கும்.

"ஏனுங்க மாப்ள, உங்க தாத்தன் சமாதி மேலயும் இப்படித்தான் ஏறி நிப்பீங்களா?"

மாப்பிள்ளை குதித்தார். வேட்டி பாறையிலேயே தங்கிவிட்டது.

இன்னொரு நாள், ஜீப்பில் வந்த ஒருவர் பாறைமேல் காலை வைத்து ஷூ லேஸ் கட்டினார்.

"காலை எடுங்க சார்!"

"இந்தக் கல்லுக்கெல்லாம் நான்தாம்மா ஆபீசர்."

"அப்படீங்களா? அப்ப நொம்பத் தப்புங்க. மொதல்ல எடுங்க!"

எடுத்தார்.

போன வருஷம், மேலே புதிதாக எழும்பிய சொகுசு விடுதிக்காகப் பாதையை அகலப்படுத்த ஜேசிபி வந்தது. ஓரத்துப் பாறைகளைப் பெயர்க்கப் போனபோது, அக்கா அடுப்பு எரிய எரிய வண்டியைத் தள்ளிவந்து குறுக்கே நிறுத்தினார்.

"எண்ணெ கொதிக்குது சாமி, பாத்து ஓட்டு" என்றார் டிரைவரிடம். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். போலீஸ் வந்து வேலையை நிறுத்தும்வரை அக்கா நகரவில்லை. கற்கள் பிழைத்தன.

அக்காவின் கடைதான் பிழைக்கவில்லை. சின்னத்தின் அருகே கடை போடக் கூடாதென்று அடுத்த வாரமே உத்தரவு! கல்லைப் பெயர்க்க வந்தவன் மேலே விடுதியில் உட்கார்ந்து காபி குடிக்கிறான். காப்பாற்றியவரை விரட்ட ஒரு பட்டாளமே வருகிறது. "இது எந்த ஊர் நியாயம் சார்?" என்று அதே ஆபீசரிடம் கத்தினேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என்னைத்தான் அதட்டினார்.

"சும்மா இருங்க தம்பி. கடை கூடாதுன்னா கூடாதுங்க. இன்னைக்கு என்னைய உட்டா, நாளைக்கு ஊரே வந்து கடை போடும்."

வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போனார்.

இப்போது கடை ஏற்காடு பஸ் நிலையத்துப் பக்கம். தலைச்சோலை பஸ்ஸிலிருந்து யார் இறங்கினாலும், "கல்லெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று விசாரிக்கிறார். நான் வேலை மாறி சேலத்துக்கு வந்துவிட்டேன். ஆனாலும் மலையேறினால் முதலில் தலைச்சோலை போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போகிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.